ஆதிரைக்குப் பதில் ஆதிரை

முடியாது டாக்டரம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாக மக்ரூன் சாப்பிடலாம். சேலத்துக்கு வருகிறேன். மேடை ஏறுகிறேன். பொன்னாடை போடுவீர்களென்றால் குனிகிறேன். ஆனால் கரைந்துபோக மாட்டேன்.

சாப்பிடுங்கள். தூத்துக்குடிக்கு வந்துவிட்டு மக்ரூனைத் தொடாமல் போனால் ஊர்க்காரர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். பல்லுக்கு ஆகாதுதான். பல் டாக்டரே பயந்தால் நாங்கள் எங்கே போக?

வாசலில் நின்று "இமெல்டா அக்கா வீடுங்களா?" என்று கேட்டீர்கள். கதவைத் திறக்கும்போதே எனக்கு ஒரு யோசனை. உங்களைப் போன்றவர்களெல்லாம் என்னை மிதிலா என்றுதான் அறிவார்கள். இமெல்டா ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், டி.வி.யில் ஒருநாளும் வந்ததில்லை. உங்களுக்கு யார் சொன்னது? சரி, இருக்கட்டும், அப்புறம் சொல்லுங்கள். முதலில் நான் பேசி முடித்துவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மீன் வாங்கப் போயிருக்கிறார். அவர் வந்தால் மஸ்கட் கதையை ஆரம்பித்துவிடுவார், அப்புறம் ஏழாம் கலமாவது எட்டாம் கலமாவது.

பாதியில் நின்ற ஏழாம் கலம் தொடரை மேடையில் முடித்துவைக்க நீங்கள் எழுதி வாட்ஸப்பில் அனுப்பிய கடைசிக் காட்சியை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், குறை சொல்ல மாட்டேன். விண்கலத்தின் கதவு முன்னால் இரண்டு ஆதிரைகள் சந்திக்கிறார்கள். ஒருத்தி அசல், ஒருத்தி நகல். அசல், எனக்கு முன்னால் ஆதிரையாக நடித்த சுபாங்கி, நகல் நான். நகலுக்கு ஞானம் வருகிறது. "நான் நீயல்ல, உன் நிழல்" என்று சொல்லிச் சாவியை அசலின் கையில் கொடுத்துவிட்டுப் புகையாகக் கரைகிறாள். அசல் கதவைத் திறக்கிறாள். கைதட்டல். புகைக்கு மிஷின் வாடகைக்கு எடுப்பதாகக்கூட எழுதியிருந்தீர்கள். கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளை வரும்போது விடுவார்களே, அந்தப் புகை. அந்தப் புகையில் நான் கரைய வேண்டும்.

ஏன் கரைய வேண்டும்? நான் என்ன பெருங்காயமா?

கோபம் உங்கள் பேரில் இல்லை. நீங்கள் பார்க்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. பாதி வீடுகளில் எண்ணெய்க் குளியல், மீதி வீடுகளில் ஏழாம் கலம். உங்களுக்கு அது விண்வெளி. எனக்கு அது பூந்தமல்லிப் பக்கம் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி ஆலை. கலத்தின் சுவரெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்த முட்டை அட்டை. மினுக்கு மினுக்கென்று எரியுமே, அது கோயில் கொடைக்குக் கட்டுகிற சீரியல் பல்பு. கதவை இரண்டு பேர் மறைவில் நின்று கயிறு கட்டி இழுப்பார்கள். அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டால் அண்டசராசரமும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஓட்டை இல்லாமல் எப்படி இருக்கும்? எல்லா இடத்திலும் ஓட்டைதான். கலத்தின் சுவரில் பல்லி ஓடிற்று. நானே பார்த்தேன், பரிதியாக நடித்தவர் உலகம் அழியப்போவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் தலைக்கு மேலே சாவகாசமாக ஒரு பல்லி. டைரக்டர் கலியமூர்த்தி சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஓடட்டும்மா, அதுவும் நம்ம கலத்துல ஏறிடுச்சி, எறக்கியா விட முடியும்?" என்றார். ரசிகர்கள் நீங்கள் எல்லாரும் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தீர்கள். அது ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பித்த உயிரினம், பூமியிலிருந்து வந்த கடைசி உயிர், அதனால்தான் பரிதி நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவார் என்று. வாசித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. பல்லிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தீர்கள். எனக்கு?

எனக்கு நகல் என்று பெயர்.

ஒரு ஞாயிறு காலை, பாட்டு முடிந்ததும், என் படத்தைப் போட்டுக் கீழே எழுத்து. ஆதிரையாக சுபாங்கிக்குப் பதில் இனி மிதிலா. அவ்வளவுதான். மாமியார் மருமகள் சீரியலில் இது தினப்படி நடக்கிற காரியம். நேற்று வரைக்கும் ஒரு மருமகள், இன்றைக்கு வேறொருத்தி, மாமியாருக்கே வித்தியாசம் தெரியாது, காபியை வாங்கிக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்பாள். ஜனங்களும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பதில் இவர் என்றால் பதில் இவர். ஆனால் விஞ்ஞானத் தொடர் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது போதாது. காரணம் வேண்டும். முகம் எப்படி மாறும்? ஆரம்பத்தில் பிரதிக்கூடு என்று ஒரு இயந்திரம் காட்டினார்களே, ஆளை வைத்தால் இன்னொரு ஆள் வருமே, ஆகா, அதுதான் என்று பிடித்துக்கொண்டீர்கள். அசல் ஆதிரையைக் கூட்டுக்குள் பூட்டிவிட்டு நகல் வெளியே நடமாடுகிறாள். முதல் வருஷம் மட்டும்தான் நிஜம், அப்புறம் நான் நடித்தது முழுக்கப் போலி.

டாக்டரம்மா, சுபாங்கி நடித்தது ஒரு வருஷம். நான் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வால்நட்சத்திரத்தில் மாட்டிக்கொண்டது நான். கலத்தில் பிரசவம் பார்த்தது நான். கடைசி நாள்வரை அந்த வெள்ளி ரெக்ஸின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அரிசி ஆலை வெக்கையில் வேர்த்து வழிந்து, விண்வெளிக் குளிரில் நடுங்குவது மாதிரி நடித்தது நான். சேனல்காரர்கள் பாதியில் நிறுத்தினார்களே, அன்றைக்குக் கதவில் கை வைத்தபடி நின்றதும் நான்தான்.

மஸ்கட்டில் இருக்கும்போதுதான் உங்கள் கூட்டத்தைக் கண்டுபிடித்தேன். இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தீர்கள். அங்கே எனக்கு என்ன வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் ஏ.சி.யும் நானும்தான். எல்லாவற்றையும் வாசித்தேன். பொறுக்காமல் நானும் ஒன்று எழுதினேன், பெயர் போடாமல். "இரண்டாம் ஆதிரையே அசல்" என்று. உடனே ஒருவர் பதில் போட்டார். "நீங்க என்ன அந்த நடிகையோட சித்தப்பாவா?" என்று. பெயர்கூட ஞாபகம் இருக்கிறது, விண்பல்லி.

ஏன் சிரிக்கிறீர்கள்? அய்யோ! நீங்கள்தானா?

நல்லது. சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து மக்ரூன் சாப்பிடுகிறீர்கள், சாப்பிடுங்கள். பல் டாக்டருக்கு ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் இருக்க முடியாது. தொழில் அப்படி.

இப்போது உங்கள் சாட்சியங்களுக்கு வருகிறேன். முதல் ஆதிரை இடதுகையால் எழுதினாள், இரண்டாமவள் வலதுகை, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, ஆகவே நகல். நான் வலதுகைக்காரி டாக்டரம்மா, முயற்சி பண்ணினேன், கோழி கிளறியது மாதிரி வந்தது, கலியமூர்த்தி சார் விடும்மா என்றார். அடுத்தது தம்பி. முதல் வருஷத்தில் ஆதிரை, "எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை" என்கிறாள். அப்புறம் தம்பியின் படத்தை வைத்துக்கொண்டு அழுகிறாள். நகலுக்கு நினைவு கலங்கிவிட்டது என்று நீங்கள் எழுதினீர்கள். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் செய்த காரியத்துக்குப் பிறகு யார் கேட்டாலும் நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றுதான் சொல்லுவேன். போன கிறிஸ்துமஸுக்கு அவன் சின்ன வயதுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். இதில் என்ன ஓட்டை? மனுஷி என்றால் அப்படித்தான். இயந்திரத்தில் வந்தவளாக இருந்தால் இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பாள்.

எழுதிக்கொள்கிறீர்களா? எழுதுங்கள், எழுதுங்கள்.

மூன்றாவது சாட்சியம்தான் பெரியது. நீங்களே அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். முகம் மாறியது, ஆனால் குரல் மாறவில்லை. ஒரு சுருதி பிசகவில்லை. நடிகை மாறினால் குரலும் மாறத்தானே வேண்டும்? பிரதிக்கூடு குரலை அப்படியே எடுக்கும், முகத்தில்தான் பிழை விழும் என்று யாரோ படம் போட்டு விளக்கியிருந்தார்.

ஏன் மாறவில்லை என்று சொல்லட்டுமா?

இரண்டும் என் குரல்.

ஆமாம். முதல் நாளிலிருந்து. "நான் ஆதிரை. இது என் கலம். கதவு திறக்கட்டும்." எல்லா வாரமும் ஆரம்பத்தில் வருமே, நீங்கள் வகுப்பில் பெஞ்சுமேல் ஏறி நின்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது நான். வடபழனியில் ஒரு சந்துக்குள் டப்பிங் தியேட்டர், அதில் மைக் முன்னால் நின்று நான் சொன்னது. நான் நடிகையாகப் போனவள் இல்லை. குரல் கொடுக்கப் போனவள். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ், மாதா கோயிலில் தமிழ். சின்னதிலிருந்து பூசையில் பைபிள் வாசகம் வாசித்து வாசித்து வந்த குரல். சுபாங்கி மைசூர்ப் பெண். அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் வராது. கேமரா முன்னால் என்ன பேசுவாள் தெரியுமா? எண்ணுவாள். கன்னடத்தில். பால்வீதி எரிந்துகொண்டிருக்கும், அவள் கண்ணில் தண்ணீர் முட்டும், உதடு துடிக்க "ஒந்து, எரடு, மூரு, நால்கு" என்பாள். அதற்கு மேலே நான் "பரிதி, பூமியைத் தொலைத்தவர்களுக்கு வானம் எதற்கு?" என்று போடுவேன். அச்சாக ஒட்டும். நால்குக்கு வாய் மூடாது, எதற்கு என்பதற்கும் மூடாது, பார்த்தீர்களா? அதுதான் என் வித்தை.

கலத்துக்கு மனம் உண்டு என்று உங்கள் ஆட்கள் ஒரு புத்தகமே எழுதலாம் போல எழுதியிருக்கிறார்களே, கதவு பாதியில் நின்றதும் ஆதிரை, "கலத்துக்கு இன்றைக்கு என்மேல் கோபம்" என்கிறாளே? வசனத்தில் அந்த வரியே கிடையாது. கயிறு அறுந்துபோயிற்று. சுபாங்கி கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாள். முதுகுக்கு ஏது உதடு? நான் மைக்கில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். கலியமூர்த்தி சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே நீங்களே சொல்லுங்கள். முதலில் இருந்து ஆதிரை யார்? நான். ஒரு வருஷத்துக்கு எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அவள் கொடுத்தாள். அப்புறம் என் முகமே போதும் என்று ஆகிவிட்டது. யாருக்குப் பதில் யார்? அந்த எழுத்தை மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

தண்ணீர் குடியுங்கள்.

இல்லை, அவள் நல்ல பெண்தான். நான் ஒருநாளும் அவளைக் குறைவாகப் பேசியது கிடையாது. ஷூட்டிங் முடிந்தால் எல்லாரும் அறைக்குப் போவார்கள், அவள் மட்டும் தியேட்டருக்கு வந்துவிடுவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், இமெல்டாக்கா இமெல்டாக்கா என்பாள். பிளாஸ்கில் சித்தரத்தை போட்ட வெந்நீர் கொண்டுவருவாள், என் தொண்டைக்கு. ஒரு ஓரமாக உட்கார்ந்து நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அக்கா, எனக்கும் சொல்லிக்கொடுங்க. நானே பேசணும். என் மூஞ்சியில வேற யாரோ பேசுறது, தூக்கத்துல நடக்குற மாதிரி இருக்கு" என்பாள். வேற யாரோவாம். சரி, பாஷை தெரியாத பெண், அவளுக்கு வார்த்தை அவ்வளவுதான். நானும் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தொடக்க வரியை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன்! எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எல்லாம். "இது என் கலம்" முடிந்ததும் மூச்சு எடுக்கக் கூடாது, கதவுக்கும் திறக்கட்டுமுக்கும் நடுவில் எடுக்க வேண்டும், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அப்போதுதான் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். அது என் கண்டுபிடிப்பு. வேறு எவளும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

அப்புறம் அவள் எண்ணுவதை விட்டுவிட்டுக் கேமரா முன்னாலேயே தமிழில் பேச ஆரம்பித்தாள். அங்கேதான் வந்தது வினை. உதடு ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லைதான், நான் பொய் சொல்லவா முடியும்? கலியமூர்த்தி சார் ஒருநாள் கேட்டார், "ஏம்மா, அந்தப் பொண்ணுதான் இப்ப தமிழ் பேசுதே, அதையே பேச வச்சிரலாமா? எப்படிப் பேசுது, நீதானே கேக்குறே?" நான் உள்ளதைச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருஷம் ஆகும் சார். இப்ப அவ பேசுறதால எனக்கும் உதடு சேரலை, அவளுக்கும் பாஷை சேரலை." அவர் யோசித்தார். "அப்ப நீயே நடிச்சிரேன்" என்றார், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது. சத்தியமாக அவ்வளவுதான்.

என்ன கேட்டீர்கள்?

எண் சொன்னபோது ஒட்டியது, தமிழ் சொன்னபோது ஒட்டவில்லையா என்றா?

நல்ல கேள்விதான். விண்பல்லி ஆயிற்றே. அது எப்படியென்றால், எண்ணுக்கு உதடு ஒரே சீராக அசையும். ஒரு தாளம் இருக்கும். அரைகுறையாகப் பாஷை தெரிந்தவர்கள் பேசினால் அந்தச் சீர் கெட்டுப்போகும். தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். வெளியில் இருந்து பார்த்தால் ஓட்டை மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், அந்த வேடம் எனக்கென்றே இருந்தது என்பதற்கு. வெள்ளி ஜாக்கெட். முதல்நாள் நான் போட்டபோது ஒரு தையல் பிரிக்கவில்லை, ஒரு ஊசி குத்தவில்லை. உடம்போடு பிறந்தது மாதிரி இருந்தது. சுபாங்கி என்னைவிட ஒல்லி, அவள் ஜாக்கெட் எனக்குத் தோளில் ஏறாது. இது எனக்கென்று டெய்லர் வகாப் பாய் தைத்தது. ஆயுத பூஜை அன்றைக்கு ஆலையில் கேமராவுக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். நான் சும்மா பார்க்கப் போயிருந்தேன். சுபாங்கிதான் எல்லாருக்கும் பொரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு இரண்டு கை அதிகமாகக் கொடுத்தாள். வகாப் பாய் வந்து, "இமெல்டாம்மா, இப்படி மேக்கப் ரூமுக்கு வாங்க, அளவு எடுக்கணும், சார் சொன்னாரு" என்று கூப்பிட்டார். எடுத்துக்கொண்டார். தீபாவளிக்கு அவள் ஊருக்குப் போனாள். திரும்பி வர வேண்டாமென்று போன் போட்டுச் சொல்லிவிட்டார்களாம், எனக்கு அப்புறம்தான் தெரியும். இடம் காலியாக இருந்தது, உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன். யாரையும் தள்ளிவிட்டு உட்காரவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆயுத பூஜை அன்றைக்கு அவள் அங்கேதான் இருந்தாள், ஆமாம். சொன்னேனே, பொரி கொடுத்தாள்.

அளவா? டாக்டரம்மா, டெய்லர்கள் யாராக இருந்தாலும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். தீபாவளி நேரம், வேலை குவியும். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று யார் கண்டது? கலியமூர்த்தி சார் எல்லாவற்றையும் முன்யோசனையோடு செய்கிற மனுஷன். நான் எதற்கென்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒரு ஆள் டேப்பை வைத்து அளந்தால் நாம் கையைத் தூக்குகிறோம். அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது டாக்டரம்மா, பொறுமையாக யோசித்தால் கிடைக்கும். பல்லிக்கே கிடைத்ததே!

நீங்கள் அவள் பக்கம். தெரிகிறது. சேலத்துத் தேவாங்கர் வீட்டுப் பெண், உங்கள் வீட்டிலும் கன்னடம்தானே பேசுவீர்கள்? இரத்தம் பேசத்தான் செய்யும். இல்லை என்று தலையாட்டாதீர்கள், சௌடேஸ்வரி என்று உங்கள் பெயரைச் சொன்னபோதே எனக்குத் தெரியும்.

போன் எதற்கு? போட்டோ எடுக்கப் போகிறீர்களா, இருங்கள், தலையைக் கோதிக்கொள்கிறேன். போட்டோ இல்லையா? குரல் பதிவா? யார் அனுப்பியது? வையுங்கள், கேட்போம்.

"இமெல்டாக்கா, சுபாங்கி பேசறேன். நல்லா இருக்கீங்களா? தொண்டை எப்படி இருக்கு? நான் இப்ப ஓசூர்ல இருக்கேன்க்கா. ரோஜாத் தோட்டம் வச்சிருக்கோம். நாள் முழுக்க ஆளுங்களோட தமிழ்லதான் மல்லுக்கட்டு, வீட்டுக்காரர்கூட இப்ப தமிழ்லதான் சண்டை போடறேன். டாக்டர் வந்து மேடையில ஆதிரையா வரணும்னாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன், இமெல்டாக்கா வர்றாங்களான்னு. நீங்க வந்தா நான் வர்றேன். நான் போனதுக்கப்புறம் ஒரு வாரம்கூடப் பாக்கலைக்கா. பாக்க முடியலை. கடைசியில கதவு திறந்துச்சா இல்லையா? டாக்டர் சொல்ல வந்தாங்க, வேணாம், அக்கா சொல்லட்டும்னுட்டேன். அப்புறம், அந்த வரி இப்ப எனக்கு நல்லா வருதுக்கா. சொல்றேன், கேளுங்க. நான் ஆதிரை. இது என் கலம். கதவு… திறக்கட்டும்."

இது யார்?

சுபாங்கி இல்லை. சுபாங்கிக்கு இப்படி வராது. யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், சேலத்துப் பெண்ணா? குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் சுத்தம். உங்கள் நாடகத்துக்கு டப்பிங் எல்லாம் வைத்திருக்கிறீர்களா?

இன்னொரு தடவை வையுங்கள். முழுசும் வேண்டாம். அந்தக் கடைசி வரி மட்டும்.

இன்னொரு தடவை.

கதவு. மூச்சு. திறக்கட்டும்.

அந்த இடத்தில் மூச்சு எடுக்க நான் ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இருங்கள், நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். சித்தரத்தையெல்லாம் இப்போது யார் போடுகிறார்கள், வெறும் தண்ணீர்தான். தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். மைசூர்க்காரிக்கு விசாரிக்கிற விஷயத்தைப் பாருங்கள்.

கதவு திறக்கவில்லை. உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கை வைத்தேன், தொடரும் என்று போட்டார்கள். அடுத்த வாரம் வழக்கம்போல ஆலைக்குப் போனால் முட்டை அட்டையை உரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்காரர்கள் இரண்டு பேரும் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். தக்கையில் செய்த கதவு, கனமே கிடையாது. இதை நான் வாட்ஸப்பில் எல்லாம் சொல்ல மாட்டேன். நேரில்தான் சொல்ல வேண்டும்.

சரி, எழுதுங்கள். உங்கள் காட்சியில் கரைகிற இடத்தை அடியுங்கள். புகை மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாவியும் வேண்டாம், அந்தக் கதவுக்கு ஒருநாளும் சாவி இருந்ததில்லை. கதவுக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் இரண்டு பேரைக் கயிறோடு நிறுத்துங்கள். முன்னால் நான் நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில், மைக் முன்னால், அவள். இந்தத் தடவை உதடு என்னுடையது. குரலை அவள் கொடுக்கட்டும். அவள் சொல்லச் சொல்ல நான் வாயை அசைக்கிறேன். கதவு திறக்கிறதா பார்ப்போம்.

யார் அசல், யார் நகல் என்று எழுதாதீர்கள். ஜனங்கள் கேட்பார்கள், கேட்கட்டும். ஓட்டையாக இருக்கும், இருக்கட்டும். ஒரே ஒரு ஓட்டையை அடைக்காமல் விட்டால் உங்கள் கை ஒன்றும் முறிந்துவிடாது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்கும் சொல்லிவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் மேடையிலேயே நிறுத்தி, உதடு ஒட்டவில்லை, திரும்பச் சொல் என்பேன். அன்றைக்கும் சொன்னேன். இன்றைக்கும் சொல்லுவேன். எனக்கு ஒன்றும் பயம் கிடையாது.

என்ன அது, பையில் இருந்து? டேப்பா? ஆமாம், ஜாக்கெட் தைக்க வேண்டும்தான். பழைய அளவு இப்போது எங்கே ஏறும், மஸ்கட் கோழி முழுக்க இடுப்பில் இருக்கிறது.

வேண்டாம். இன்றைக்கு வேண்டாம், டேப்பைச் சுருட்டி உள்ளே வையுங்கள். முதலில் ஓசூருக்குப் போங்கள். அவள் அளவை எடுங்கள். இமெல்டாக்காவுக்கும் ஒரு ஜாக்கெட் தைக்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் சரி என்று சொன்ன பிறகு எனக்கு எடுக்க வாருங்கள்.

எதற்கா?

சும்மாதான். எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்காதீர்கள் டாக்டரம்மா. அந்த மக்ரூனை முடியுங்கள், நமத்துப்போகிறது.